துண்டுச் சீட்டும் தொடர் மீதியும்

அண்மையில் தலவாக்கலைக்குச் சென்றிருந்தபோது, கடைக் கணக்குகளுக்கு மென்பொருள் எழுதும் இளைஞர் ஒருவரைச் சந்தித்தேன். தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். பேரேட்டு அறிக்கை ஒன்றில் ஒரே நாளில் பதிந்த இரு கடன்களுக்கும் ஒரே மீதி காட்டுவதாகக் குறைப்பட்டுக்கொண்டார்.

காரணத்தையும் அவரே கண்டுபிடித்தார். எஸ்.கியூ.எல். வினவலில் திகதியை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால், ஒரே திகதியுள்ள வரிகளை அது ஒன்றாகவே கூட்டிவிடுகிறது. பதிவு இலக்கத்தையும் சேர்த்தால் ஒவ்வொரு வரிக்கும் தனி மீதி வரும். அதுபோலவே, ஆளுக்கு ஆள் கணக்கைப் பிரிக்காவிட்டால் ஒருவர் கடன் மற்றவர் தலையில் ஏறிவிடும்.

இதைக் கேட்டபோது எனக்குத் 'துண்டு' நினைவுக்கு வந்தது. தோட்டத்துக்குக் கங்காணி செலுத்தவேண்டிய கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் அவரையும் அவரது ஆட்களையும் விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டுத்தான் துண்டு. ஆள் தேவைப்பட்ட மற்றொரு தோட்டம் அத்தொகையைக் கட்டி அவர்களை எடுத்துக்கொண்டது. கடன் தீரவில்லை, இடம் மாறியது. ஆட்களுக்கான போட்டியில் அது ஏறவும் செய்தது.

அச்சீட்டில் இருந்தது ஒரேயொரு கூட்டுத்தொகை. கப்பற்பயணச் செலவு எவ்வளவு, அரிசிக்குக் கழித்தது எவ்வளவு, கங்காணி தனக்கென வாங்கியது எவ்வளவு என்ற வரிகள் அதில் இல்லை. எழுத்தறியாத தொழிலாளி தன் பங்கை எப்படிச் சரிபார்ப்பான்? 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

தஞ்சாவூரில் 'வர்த்தகமித்திரன்' நடத்திய கோ. நடேசய்யர், புடைவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளர் நிலையைக் கண்டவர். பின்னர் 'தேசபக்தன்' ஆசிரியராகவும், 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியவராகவும் அவர் விளங்கினார். வணிகம் அறிந்த ஒரு பத்திரிகையாளர் மலையகத்துக்கு வாய்த்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் கடனால் கட்டுண்ட மக்களுக்கு அத்தகைய ஒருவர் தேவைப்பட்டார்.

மீதியை மட்டும் காட்டும் கணக்கை நம்பச் சொல்லலாம், சரிபார்க்க முடியாது. அந்த இளைஞர் தம் அறிக்கையில் ஒவ்வொரு பற்றையும் வரவையும், அதனதன் மீதியோடு தமிழில் அச்சிடுகிறார். கடைக்காரர் சிலர் காகிதம் வீணாகிறது என்கிறார்களாம். கடன் வாங்கியவர்கள் அப்படிச் சொல்வதில்லை.