விலக்குக்குள் வளர்ந்த பிள்ளைகள்

ஆம்பூரில் எங்கள் காலனித் திண்ணையில் அம்மா ஷூ அப்பர் தைப்பார். மெழுகு தடவிய நூலை ஊசியில் கோத்துத் தருவது என் வேலை. ஆயா பீடி சுற்றினார்.

1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தோல் பதனிடுவதிலும் பீடி சுற்றுவதிலும் பிள்ளைகளை வைக்கக் கூடாது என்றது. ஆனால் குடும்பத்தோடு செய்தால் விலக்கு! இந்தப் பக்கம் அப்படி வீடு தேடி வேலை வந்தது பெரும்பாலும் தலித், ஏழை முஸ்லிம் தெருக்களுக்குத்தான்.

1996இல் உச்ச நீதிமன்றம், சிவகாசி தீப்பெட்டி, பட்டாசு ஆலைக் குழந்தைகள் பற்றிய வழக்கில், அபாயத் தொழிலில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டச் சொன்னது. திண்ணையில் முதலாளி ஏது? 1986 சட்டத்துக்கு வந்த 2016 திருத்தமும், அபாயமில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகப் பிள்ளைகள் உதவலாம் என்கிறது. சாதி கைக்குள் திணித்த வேலையையும் குடும்பத் தொழில் என்றே எழுதிக்கொள்ள இடம் தரும் அந்த விலக்கை எடுத்தே ஆக வேண்டும்.