எந்த பாலிடெக்னிக் என்று கேட்பவர்களுக்கு, மயிலாப்பூர் முதல் தரமணி வரை ஒரு பழைய கதை



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததிலிருந்து தினம் இரண்டு போன். "சார், பையனை எந்த பாலிடெக்னிக்கில் சேர்க்கலாம்?" "சித்தப்பா, ஐ.டி.ஐ. போதுமா?" கட்டடம், லேப், பஸ் வசதி எல்லாம் விசாரிக்கிறார்கள். நடத்துவது யார், எப்படி நடத்துகிறார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

மயிலாப்பூர் ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் உங்களுக்குத் தெரியும். சுவாமி ராமகிருஷ்ணானந்தரின் ஆசியோடு ராமசாமி ஐயங்கார் 1905-ல் அதைத் தொடங்கினார். கூடவே நின்றவர் உறவினர் ராமானுஜாசாரி. ஏழைப் பிள்ளைகளுக்குத் தங்க இடம், சாப்பாடு, படிப்பு. கையில் பணம் இல்லை. நாடகம் போட்டுக்கூட நிதி திரட்டினார்கள். (தியாகராஜர் கிருதிகளை ஆங்கிலத்தில் தந்தவரும் இதே ராமானுஜாசாரிதான். சபாக்காரர்களுக்கு அந்த முகம்தான் தெரியும்.) பின்னாளில் அங்கே தொழிற்பள்ளி வந்தது. மோட்டார் வண்டித் தொழில்நுட்பம் கற்றுக்கொடுத்தார்கள், பாலிடெக்னிக்காகவும் வளர்ந்தது. பிள்ளைகள் அங்கேயே தங்கியவர்கள். நிர்வாகம் பார்த்தவர்கள் மூன்று வருஷத்தில் மூட்டை கட்டுகிறவர்கள் இல்லை, ஆயுசையே அங்கே கழித்தவர்கள். எது உடைந்தாலும் அது அவர்கள் கண்ணில் படும்.

அடையாறு பக்கம் வருவோம். 1959-ல் மேற்கு ஜெர்மனி உதவியோடு ஐ.ஐ.டி. வந்தது. கப்பலில் யந்திரங்கள் வந்ததைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அங்கிருந்து பேராசிரியர்கள் மட்டும் வரவில்லை, போர்மேன்களும் வந்தார்கள். நம் ஆசிரியர்களும் ஜெர்மனிக்குப் பயிற்சிக்குப் போனார்கள். யந்திரத்தை வாங்கும்போதே அதைக் கட்டிக் காக்கும் ஆளுக்கும் ஏற்பாடு செய்திருந்தார்கள்.

தரமணியில் சென்ட்ரல் பாலிடெக்னிக். 1916-ல் தொழிற்பள்ளியாகத் தொடங்கியது, ஐ.ஐ.டி.க்குப் பாட்டன் வயது. ஆனால் அரசு பாலிடெக்னிக் என்றால் எங்கும் ஆசிரியருக்கு டிரான்ஸ்பர் உண்டு, சாமான் வாங்க ஃபைல் உண்டு. டிகிரி முடித்த கையோடு பாடம் நடத்த வந்தவர்களுக்கும் பயிற்சி தேவை என்று உணர்ந்துதான் 1964-ல் தரமணியிலேயே டி.டி.டி.ஐ. தொடங்கினார்கள். நாட்டில் இப்படி நான்கு. நல்ல யோசனை. ஆனால் பயிற்சி முடித்துத் திரும்பும் ஆசிரியருக்கு அங்கே ஓடுகிற லேத் ஒன்று இருக்க வேண்டுமே!

நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் (பெயர் வேண்டாம்) லேத் மோட்டார் எரிந்துபோயிற்று. மூன்று கொட்டேஷன், மதிப்பீடு, மேலிட அனுமதி. ஃபைல் போய் வருவதற்குள் இரண்டு செட் பையன்கள் லேத்தைக் கரும்பலகையில் படித்துவிட்டே வெளியே போனார்கள். அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒரே இன்ஸ்ட்ரக்டருக்கும் நடுவில் மாற்றல். பிறகு ஒரு முதல்வர் வந்தார். புது யந்திரம் எதுவும் கேட்கவில்லை. சில்லறை ரிப்பேருக்குத் தன் அதிகாரத்தில் இருந்த சிறு தொகையை ஒர்க்‌ஷாப் பொறுப்பாளரிடமே விட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் பையன்களும் இன்ஸ்ட்ரக்டரும் சேர்ந்து எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும், ரிஜிஸ்டரில் எழுத வேண்டும், திங்கள் காலை அது அவர் மேஜைக்கு வர வேண்டும். அவ்வளவுதான். அதே கட்டடம், அதே சம்பளம், அதே மாதிரிப் பையன்கள். அந்த வருஷம் பிராக்டிகலுக்கு வந்த வெளித்தேர்வாளர், கருவியைப் பையன்கள் பிடிக்கிற பிடியைப் பார்த்துவிட்டே சிரித்தார்.

2007-ல் மத்திய அரசு 1,396 அரசு ஐ.டி.ஐ.களுக்குத் தலா 2.5 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. தொழில்துறைக்காரர் தலைமையில் நிர்வாகக் குழுவும் அமைத்தது. குழு உண்மையாகக் கூடிய இடத்தில் பணம் பட்டறைக்குப் போனது. பல இடங்களில் வங்கியில் தூங்கியது. 2022-ல் தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீனமாக்க டாடா டெக்னாலஜீஸோடு ஒப்பந்தம். மதிப்பு ஏறக்குறைய 2,877 கோடி ரூபாய். ரோபோ எல்லாம் வருகிறது, மகிழ்ச்சிதான். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு அந்த ரோபோவுக்கு யார் எண்ணெய் போடுவார் என்பதுதான் இந்தக் கிழவனின் கவலை.

எனவே சித்தப்பாவிடம் கேட்பவர்களே, கல்லூரி பார்க்கப் போனால் ஒர்க்‌ஷாப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இன்ஸ்ட்ரக்டர் எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார் என்று விசாரியுங்கள். ஐ.டி.ஐ.யில் வேலை பார்க்கும் என் மாணவர்களே, உங்கள் இடத்தில் ஒரு யந்திரம் நின்றுபோனால் திரும்ப ஓட எத்தனை நாள் ஆகிறது? கீழே எழுதுங்கள்.