சேலத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

"சேலத்துல பார்க்க என்னங்க இருக்கு?" என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், சேலத்துக்காரர்களே ஒரு நிமிடம் யோசிப்பார்கள். பிறகு "ஏற்காடு இருக்கு, மேட்டூர் டேம் இருக்கு" என்பார்கள். இரண்டுமே நகரத்துக்கு வெளியே இருப்பவை! 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 8 லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழும் ஒரு மாநகராட்சி, தன்னைச் சுற்றிப் பார்க்க வருபவர்களைப் பஸ் ஏற்றி வேறு இடத்துக்கு அனுப்பி வைக்கிறது. சேலம் என்றால் பஸ் மாறும் ஊர், ரயில் மாறும் ஊர் என்று ஆகிவிட்டது.

எப்போதும் அப்படி இருந்ததா? இல்லை. அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை.

மல்லசமுத்திரத்துக்கு எது டவுன்?

சேலத்திலிருந்து ஆட்டையாம்பட்டி வழியாகத் திருச்செங்கோடு போகும் ரோட்டில் இருக்கிறது மல்லசமுத்திரம். சோழீஸ்வரர் கோயில் உள்ள பழைய ஊர். இன்று அரசாங்கக் காகிதத்தில் இது நாமக்கல் மாவட்டம். 1997 ஜனவரி 1 முதல் நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. அதற்கு முன்பு இந்த ஊர்கள் எல்லாமே சேலம் மாவட்டம்தான். பட்டா பிரச்சினையா, ஜில்லா கோர்ட் வழக்கா, பெரிய ஆஸ்பத்திரியா, கல்யாணத்துக்கு வெள்ளிக் கொலுசா, புதுப் படமா... எல்லாவற்றுக்கும் சேலம்தான். "டவுனுக்குப் போறேன்" என்றால் எந்த டவுன் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

மாவட்டத் தலைநகர் மாறியதும் கலெக்டர் ஆபீஸ் மனு நாமக்கல்லுக்குப் போனது. ஆனால் சந்தோஷத்துக்காகப் போகும் பயணம் அவ்வளவு சுலபமாக மாறவில்லை. வழியில் ஆட்டையாம்பட்டியில் கை முறுக்கு வாங்கிக்கொண்டு சேலம் போய் இறங்குவதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். அரசாணை போட்டு மாவட்டத்தைப் பிரிக்கலாம், டவுன் பழக்கத்தைப் பிரிக்க முடியாது!

கலெக்டர் ஊர் உருவான கதை

மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து 1792ல் ஸ்ரீரங்கப்பட்டினம் உடன்படிக்கை கையெழுத்தானபோது, திப்பு சுல்தானிடமிருந்து பாரமஹால், சேலம் பகுதிகள் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தன. நிர்வாகம் பார்க்க வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளராக வந்த இளைஞர் தாமஸ் மன்றோ. இடையில் ஜமீன்தார் இல்லாமல் விவசாயியிடமே நேரடியாக வரி நிர்ணயிக்கும் ரயத்துவாரி முறையை இவர்கள் முயன்று பார்த்தது இந்த மண்ணில்தான். பின்னாளில் மன்றோ சென்னை மாகாண கவர்னர் ஆனார், அந்த முறையும் மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது.

சேலம் மாவட்டத் தலைநகராக வளர்ந்தது. 1860களின் தொடக்கத்தில் ரயில் வந்தது. 1866ல் நகராட்சி வந்தது. 1917ல் அந்த நகராட்சியின் தலைவரானவர் ராஜாஜி. சேலத்தில் வக்கீல் தொழில் நடத்திப் பேர் வாங்கிய அவர், 1925ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தார். 1937ல் சென்னை மாகாணத்தின் பிரதமராக ஆனதும் மதுவிலக்கை முதலில் எங்கே கொண்டுவந்தார் தெரியுமா? சேலம் மாவட்டத்தில்! 1937 அக்டோபர் 1ம் தேதி. அன்றைக்கு மல்லசமுத்திரமும் அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தது.

அரசியலில் எதிர்முனைக்கும் இதே ஊர்தான் மேடை. 1944 ஆகஸ்டில் சேலத்தில் நடந்த மாநாட்டில்தான் நீதிக்கட்சி 'திராவிடர் கழகம்' என்று பெயர் மாறியது.

ஏற்காடும் மேட்டூரும் டூரிஸ்ட்டுக்காக வந்தவையா?

இப்போது "பார்க்க வேண்டிய இடங்கள்" பட்டியலுக்கு வருவோம். முதலில் ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவு, ஏரியில் படகு, மே மாதம் கோடை விழா. எல்லாம் சரி. ஆனால் அந்த மலைக்கு வெள்ளைக்காரர்கள் குடியேறக் காரணம் காப்பி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், சேர்வராயன் மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். தோட்டம் வந்தது, பங்களா வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. குளுகுளு சுற்றுலா எல்லாம் பிறகுதான்.

அடுத்து மேட்டூர். 1925ல் வேலை ஆரம்பித்து 1934ல் முடிந்த அணை. அப்போதைய கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லி பெயரில் ஸ்டான்லி நீர்த்தேக்கம். 120 அடி உயரத்துக்கு நிரம்பினால் 93.47 டி.எம்.சி. தண்ணீர். டெல்டா வயல்களுக்காகக் கட்டப்பட்டது. அதற்காகப் பல கிராமங்கள் தண்ணீருக்குள் போயின. அணையில் நீர் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயிலின் நந்தியும் தேவாலயத்தின் கோபுரங்களும் வெளியே தெரியும். அதைப் பார்க்கவும் ஒரு கூட்டம் போகும். ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூரில் குளித்து, முனியப்பனைக் கும்பிட்டு, பூங்காவில் உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிடும் குடும்பங்களில் எத்தனை பேர் அந்தக் கிராமங்களை நினைத்துப் பார்ப்பார்கள்?

இதிலிருந்து ஒன்று புரிகிறது. ஊட்டி மாதிரி, கன்னியாகுமரி மாதிரி இயற்கையே விளம்பரம் செய்யும் ஊர்கள் சில உண்டு. சேலம் மாதிரி நடுத்தர நகரங்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அங்கே வேலைக்காக உருவான ஒன்றுதான் நாளடைவில் வேடிக்கை பார்க்கும் இடமாகிறது. அப்படியானால், சேலம் நகரத்துக்குள்ளேயே நடந்த மிகப்பெரிய வேலை எது? அது இன்று எங்கே?

மாடர்ன் தியேட்டர்ஸ்

டி.ஆர். சுந்தரம் 1907ல் திருச்செங்கோட்டில் பிறந்தவர். இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்குப் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர். துணி மில் ஆரம்பிப்பார் என்று எதிர்பார்த்தால், மனிதர் சினிமா மில் ஆரம்பித்துவிட்டார்! 1930களின் நடுவில் சேலத்தில், ஏற்காடு போகும் ரோட்டில், மாடர்ன் தியேட்டர்ஸ் எழுந்தது. முதல் படம் 'சதி அகல்யா', 1937.

'மில்' என்று சொல்வது சும்மா இல்லை. படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, லேப் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். நடிகர்களும் எழுத்தாளர்களும் டெக்னீஷியன்களும் மாதச் சம்பளத்துக்கு வேலை. நேரம் தவறக் கூடாது. ஒரு படத்துக்குப் போட்ட முதலீட்டை அடுத்த படத்துக்கும், அதற்கடுத்த படத்துக்கும் பயன்படுத்தினால் ஒவ்வொரு படத்தின் செலவும் குறையும். வணிகவியல் புத்தகத்தில் முதல் வருடமே சொல்லித்தரும் இந்தப் பாடத்தை சுந்தரம் ஸ்டுடியோவில் நடத்திக் காட்டினார். 100க்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன.

சில மைல்கற்களைப் பாருங்கள்:

- 1938: மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்'. கேரளத்தில் அல்ல, சேலத்தில் உருவானது.
- 1940: 'உத்தம புத்திரன்'. பி.யு. சின்னப்பா இரட்டை வேடம்.
- 1950: 'மந்திரி குமாரி'. கதை வசனம் மு. கருணாநிதி, நாயகன் எம்.ஜி.ஆர்.
- 1956: 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம்.
- 1961: 'கண்டம் பெச்ச கோட்டு'. மலையாளத்தின் முதல் வண்ணப் படம்.

கருணாநிதி குடும்பத்தோடு சேலத்தில் தங்கி வசனம் எழுதினார். கண்ணதாசனும் இங்கே வேலை பார்த்தார். 'மந்திரி குமாரி'யில் பேனா பிடித்தவர் 1969ல் முதலமைச்சர், வாள் பிடித்தவர் 1977ல் முதலமைச்சர். சென்னைக்கு மேற்கே இத்தனை தூரத்தில், கடலும் இல்லாத, பெரிய அரண்மனையும் இல்லாத ஓர் ஊரில் இது நடந்தது. அந்தக் காலத்தில் சேலத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று யார் கேட்டிருப்பார்கள்?

1963ல் சுந்தரம் மறைந்தார். அவருடைய மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்று, 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' என்று ஜெய்சங்கரை வைத்துத் துப்பறியும் படங்களாக எடுத்தார். ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. நட்சத்திரங்கள் எல்லாரும் சென்னையில். 1970களின் கடைசியில் படப்பிடிப்பே செட்டை விட்டுக் கிராமத்துக்குப் போய்விட்டது. தளத்துக்கும் லேபுக்கும் நிரந்தர ஊழியர்களுக்கும் ஆகும் செலவு குறையவில்லை, படங்களின் எண்ணிக்கை குறைந்தது. 1980களின் தொடக்கத்தில் கதை முடிந்தது. ஸ்டுடியோ இருந்த நிலத்தில் குடியிருப்புகள் வந்தன. இன்று மிச்சம் இருப்பது ஏற்காடு ரோட்டு ஓரத்தில் நிற்கும் அந்த நுழைவு வளைவு மட்டும்தான். ஏற்காட்டுக்கு டூர் போகும் வண்டிகள் தினமும் அதைக் கடந்துதான் போகின்றன. ஜன்னலோரத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பதற்குள் வளைவு பின்னால் போய்விடும்.

கனடாவில் ஒரு ஊர் என்ன செய்தது?

சேலத்துக்கு நேர்ந்த மாதிரியே ஒன்று கனடாவிலும் நடந்தது. டொராண்டோவுக்கும் மான்ட்ரியாலுக்கும் நடுவில் கிங்ஸ்டன் என்று ஒரு நகரம். சேலத்தை விடப் பலமடங்கு சிறியது. 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 1 லட்சத்து 32 ஆயிரம். 1841 முதல் 1844 வரை மூன்றே வருடம் அன்றைய கனடா மாகாணத்தின் தலைநகராக இருந்தது. தலைநகருக்கு ஏற்ற மாதிரி பிரம்மாண்டமாக நகர மன்றம் கட்டி முடிப்பதற்குள் தலைநகர் அந்தஸ்து கைநழுவிப் போனது! ஊர்க்காரர்கள் கட்டடத்தை விடவில்லை. இன்றும் அதுதான் அவர்களின் நகர மன்றம்.

அதே ஊரில் 1835ல் திறந்த ஒரு பெரிய சிறை 2013ல் மூடப்பட்டது. மூடிய பிறகு அதை வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கும் இடமாக்கினார்கள். முன்பு அங்கே வேலை பார்த்த சிறை ஊழியர்களே வருகிறவர்களுக்கு அனுபவத்தைச் சொல்கிறார்கள். யாரும் விரும்பிப் போகாத ஜெயிலுக்கு இப்போது டிக்கெட் வாங்கிப் போகிறார்கள்.

இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது என்பது உண்மை. சிறை அரசாங்கச் சொத்து. ஸ்டுடியோ தனியார் சொத்து. நஷ்டத்தில் போன தொழிலைக் கௌரவத்துக்காக நடத்து என்று எந்தக் குடும்பத்தையும் கேட்க முடியாது. ஆனால் ஒரு தளத்தையோ, ஒரு லேப் அறையையோ, பழைய கேமரா நான்கையோ ஊர் சேர்ந்து காப்பாற்றியிருக்கலாம். வேலை நின்ற பிறகும் வேலை நடந்த இடத்துக்கு மதிப்பு உண்டு என்பது அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. லாப நஷ்டக் கணக்கில் அந்த மதிப்புக்கு ஒரு பத்தியே கிடையாதே!

இன்னும் கையில் இருப்பவை

ஸ்டுடியோ போனது போனதுதான். ஆனால் சேலத்தில் வேலை இன்னும் நிற்கவில்லை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போனால் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, குகை என்று நெசவாளர் தெருக்கள். சேலம் பட்டு வேட்டி கட்டாத கல்யாண மாப்பிள்ளை இந்தப் பக்கம் குறைவு. சீசனில் தெருவெல்லாம் மாம்பழ வாசனை. சாயங்காலம் ஆனால் தள்ளுவண்டிகளில் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னி தடவி, துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம் வைத்துக் கொடுப்பார்கள். சேலத்துக்குப் போய் அதைச் சாப்பிடாமல் வந்தால் போனதாகவே கணக்கில்லை.

ஆடி மாதம் போனால் இன்னும் விசேஷம். கோட்டை மாரியம்மன் தொடங்கி ஊரில் உள்ள மாரியம்மன் கோயில்கள் எல்லாவற்றிலும் திருவிழா. குகை மாரியம்மன் காளியம்மன் கோயில் விழாவில் 'வண்டி வேடிக்கை' நடக்கும். பக்தர்கள் தெய்வ வேடம் போட்டு, ஜோடித்த வண்டிகளில் ஊர்வலமாக வருவார்கள். சினிமா செட் தோற்றுப்போகும்! கொஞ்சம் தள்ளிப் போனால் தாரமங்கலம் கைலாசநாதர் கோயில், கெட்டி முதலிகள் காலத்துக் கல் வேலை. அங்கே ராமர் மறைந்திருந்து வாலியைக் குறிவைக்கும் தூண் சிற்பத்தைப் பாருங்கள். ராமர் இருக்கும் இடத்திலிருந்து வாலி தெரிவார், வாலி இருக்கும் இடத்திலிருந்து ராமர் தெரியமாட்டார் என்று காட்டுவார்கள்.

கோயில் கல் நிற்கும். திருவிழாவும் நடக்கும். ஆனால் தறிச் சத்தமும் கொலுசுப் பட்டறையும் எத்தனை வருடத்துக்கு? விசைத்தறி வந்து கைத்தறி குறைந்தது போல, மெஷின் வந்தால் கையால் கொலுசு செய்யும் வேலையும் குறையலாம். அந்த வேலை நடக்கும்போதே போய்ப் பார்ப்பதும், படம் எடுத்து வைப்பதும், அங்கிருப்பவரிடம் நாலு வார்த்தை பேசுவதும் செலவில்லாத காரியங்கள். நின்ற பிறகு வளைவுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ள மட்டும்தான் முடியும்.

மல்லசமுத்திரத்திலிருந்து சேலத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேர பஸ் பயணம். அடுத்த முறை ஏற்காட்டுக்குத் திட்டம் போடும்போது அரை நாளை நகரத்துக்கே ஒதுக்குங்கள். செவ்வாய்ப்பேட்டையில் தொடங்குங்கள்.