அமெரிக்கப் பயணியர் டீசல் லோகோ

டீசல் லோகோவில் இன்ஜின் சக்கரத்தை நேரடியாகச் சுழற்றுவதில்லை. அது ஒரு மின்னாக்கியை ஓட்டுகிறது. அந்த மின்சாரத்தில் அச்சுகளோடு இணைந்த இழுவை மோட்டார்கள் சுழல்கின்றன. சரக்கு ரயிலை இழுக்கும் லோகோவுக்கு இது போதும். பயணியர் லோகோவுக்கோ இன்னொரு கடமை உண்டு: பின்னால் வரும் பெட்டிகளுக்கு வெப்பமோ மின்சாரமோ தரவேண்டும். அதன் வடிவத்தை வேகத்துக்கு நிகராக மாற்றியது இந்த இரண்டாவது கடமைதான்.

1934 மே 26 அன்று ‘பயனியர் செஃபிர்’ என்ற துருப்பிடிக்கா எஃகு ரயில் டென்வரிலிருந்து சிகாகோவுக்குச் சுமார் 1,630 கி.மீ. தொலைவை எங்கும் நிற்காமல் 13 மணி 5 நிமிடத்தில் கடந்தது. அதன் இன்ஜின் 600 குதிரைத்திறன் கொண்டது. ஆனால் அதன் பெட்டிகள் ஒன்றோடொன்று நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டிருந்ததால், கூட்டம் கூடினாலும் இன்னொரு பெட்டியைச் சேர்ப்பது எளிதாக இல்லை. எந்தப் பெட்டியையும் இழுக்கவல்ல தனி லோகோவாக 1937இல் ஜெனரல் மோட்டார்ஸ் குழுமத்தின் ‘இ’ வரிசை வந்தது. ஒரே உடலுக்குள் இரண்டு இன்ஜின்கள். ஒன்று பழுதானாலும் மற்றொன்றை நம்பி ரயில் ஊர் போய்ச் சேரலாம். நீராவிக் காலப் பெட்டிகள் நீராவியாலேயே சூடேற்றப்பட்டதால், இந்தப் புதிய லோகோவும் ஒரு கொதிகலனையும் தண்ணீர்த் தொட்டியையும் சுமந்தே ஓடியது.

அந்தச் சுமை 1970கள் வரை தொடர்ந்தது. 1971இல் தொடங்கப்பட்ட தேசியப் பயணியர் ரயில் நிறுவனமான ஆம்டிராக், 1973 முதல் வாங்கிய ஆறு அச்சு எஸ்டிபி40எஃப் லோகோக்களிலும் கொதிகலன் இருந்தது. அவை அடுத்தடுத்துத் தடம் புரண்டன. சக்கரச் சட்டகத்தின் அமைப்பு, தண்ணீரின் எடை, பின்னால் வந்த இலேசான பயணச்சுமைப் பெட்டியின் அதிர்வு என ஐயங்கள் பலவாக எழுந்தன.

1976இல் வந்த எஃப்40பிஎச் கொதிகலனை முற்றிலும் விட்டது. நான்கே அச்சுகள், 3,000 குதிரைத்திறன். வெப்பம், விளக்கு, குளிர்சாதனம் எல்லாவற்றுக்கும் லோகோவிலிருந்தே 480 வோல்ட் மின்சாரம். அமெரிக்கப் பயணியர் ரயிலை நவீனமாக்கிய லோகோ எது என்று கேட்டால் இதையே சொல்லவேண்டும். அதற்கு ஒரு விலையும் இருந்தது. மின்சாரம் 60 ஹெர்ட்சில் நிலைக்க, இன்ஜின் நிமிடத்துக்கு 893 சுற்று என்ற ஒரே வேகத்தில் ஓடியாக வேண்டும். நிலையத்தில் நிற்கும்போதும் அது முழுக்குரலில் இரைந்தது. பெட்டிகளுக்குப் போன ஆற்றல் இழுவையில் குறைந்தது. (இந்தியாவில் பெட்டியின் அச்சில் பொருத்திய மின்னாக்கியும் பேட்டரியும், ராஜதானி போன்ற ரயில்களில் தனி ஜெனரேட்டர் பெட்டியும் இந்த வேலையைப் பார்த்ததால், லோகோமீது நெடுங்காலம் இந்தப் பாரம் விழவில்லை.)

1990களில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ‘ஜெனிசிஸ்’ வரிசை உடலமைப்பையே மாற்றியது. அடிச்சட்டத்தின்மீது கூடு பொருத்துவதற்குப் பதிலாக உடலே பாரம் தாங்கியது. எரிபொருள் தொட்டியும் அதற்குள் அடங்கியது. அமெரிக்க வடகிழக்கின் தாழ்ந்த சுரங்கப்பாதைகளில் நுழைய, உயரம் ஏறத்தாழ 4.4 மீட்டருக்குள் நிறுத்தப்பட்டது. சீசர் வெர்காரா வரைந்த அதன் முகம் வளைவுகளைத் தவிர்த்து, தட்டையான தளங்களால் ஆனது. 1996இல் வந்த பி42 வகை 4,250 குதிரைத்திறன் கொண்டது. மணிக்கு 177 கி.மீ. வரை செல்லும்.

சீமென்ஸ் நிறுவனம் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் கட்டும் ‘சார்ஜர்’ 2017இல் ஓடத் தொடங்கியது. 95 லிட்டர் கொள்ளளவுள்ள கம்மின்ஸ் இன்ஜின், 4,400 குதிரைத்திறன், மணிக்கு 201 கி.மீ. வேகம். புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை யூரியா கரைசல் முறிக்கிறது. மோதலின் விசையை வாங்கி நசுங்கும் பகுதி முன்புறம் உண்டு. பெட்டிகளுக்கான மின்சாரத்தை இன்வெர்ட்டர்கள் தருவதால், இன்ஜினை ஒரே வேகத்தில் கட்டிப்போடும் தேவை இல்லை. தொலைதூரச் சேவைக்கான ஏஎல்சி-42 வகை, 2022 பிப்ரவரியில் சிகாகோவிலிருந்து வடமேற்கே செல்லும் ‘எம்பயர் பில்டர்’ ரயிலை முதலில் இழுத்தது. ஆம்டிராக் 2021இல் சீமென்ஸிடம் கேட்ட புதிய ரயில்களில் சில, மின்கம்பி உள்ள தடத்தில் மின்சாரத்திலும் மற்ற தடங்களில் டீசலிலும் ஓடும்.