32 பிட்டிலிருந்து 24 பைட் வரை: ஓர் ஐ.பி. முகவரியின் பயணம்

010.8.8.8 என்ற முகவரியை ஒரு லினக்ஸ் கணினியில் பிங் கட்டளைக்குக் கொடுத்தால் அது 8.8.8.8-ஐத் தேடிப் போகும். அது கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர். இதே எழுத்துகளை 2021 தொடக்கத்தில் புழக்கத்தில் இருந்த பைத்தான் 3.9-இன் ஐ.பி. முகவரி நூலகத்திடம் கொடுத்திருந்தால் 10.8.8.8 என்று படித்திருக்கும். 10-இல் தொடங்கும் முகவரிகளோ நிறுவனங்களின் உள் வலைக்கென்று ஒதுக்கப்பட்டவை. இணையத்தில் அவற்றுக்கு வழி கிடையாது. எழுத்து ஒன்றுதான். ஒரு நிரல் அதை வெளியுலகம் என்கிறது, இன்னொன்று உள்வீடு என்கிறது.

இந்த முரண் ஒரே நாளில் முளைத்ததல்ல. ஐ.பி. முகவரி என்ற சின்னஞ்சிறு எண் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நிரல்மொழியிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ந்து வந்திருக்கிறது. ஒவ்வொரு மொழியும் அதற்கு ஓர் உருவம் கொடுத்தது. அந்த உருவத்தைப் பொறுத்தே நிரலாளர்கள் செய்யும் தவறுகளும் அமைந்தன.

பிறந்தபோது அது வெறும் எண். முகவரிக்கு 32 பிட் போதும் என்று 1977-இல் முடிவெடுத்தவர் விண்ட் செர்ஃப். அப்போது அவர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையில் இந்தத் திட்டத்தை நடத்திவந்தார். 1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் தொகுத்த ஆர்.எஃப்.சி. 791 என்ற ஆவணம் ஐ.பி. நான்காம் பதிப்பை நிலைநிறுத்தியது. 1983 ஜனவரி 1 அன்று அர்பாநெட் வலை இந்த நெறிமுறைக்கு மாறியது. 32 பிட் என்றால் சுமார் 429 கோடி முகவரிகள். கணினிகளே சில நூறாக இருந்த வலைக்கு அது அள்ள அள்ளக் குறையாத எண்ணிக்கை.

நம் வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் இருக்கும் 192.168.1.1 உண்மையில் 3,232,235,777 என்ற ஒற்றை எண். 192-ஐ 1,67,77,216-ஆல் பெருக்கி, 168-ஐ 65,536-ஆல் பெருக்கி, மூன்றாவதான 1-ஐ 256-ஆல் பெருக்கி, கடைசி 1-ஐயும் சேர்த்துக் கூட்டினால் அது வரும். பேக்கெட்டுக்குள் பயணிப்பது இந்த எண் மட்டுமே. புள்ளிகள் மனிதருக்காக இடப்பட்டவை. பேக்கெட்டில் எந்த பிட் எங்கே உட்கார வேண்டும் என்று ஆர்.எஃப்.சி. 791 தெளிவாகச் சொன்னது. அந்த எண்ணைக் காகிதத்திலோ திரையிலோ எப்படி எழுத வேண்டும் என்று அது விதி வகுக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியது ஒரு மென்பொருள்.

1983-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 4.2 பி.எஸ்.டி. யுனிக்ஸை வெளியிட்டது. இணையத்தோடு பேசும் சி மொழி நிரல்களுக்கு அது ஒரு வார்ப்பாகவே ஆனது. எழுத்தில் இருக்கும் முகவரியை எண்ணாக மாற்ற அதில் ஒரு ஃபங்ஷன் இருந்தது. சி மொழியில் சுழியத்தில் தொடங்கும் எண் எட்டை அடிமானமாகக் கொண்டது. முகவரியின் ஒவ்வொரு பகுதியையும் அந்த ஃபங்ஷன் அதே விதிப்படி படித்தது. அதனால் 010 என்பது எட்டு, 0177 என்பது 127. பகுதிகள் குறைந்தாலும் அது ஏற்றுக்கொண்டது: 127.1 என்றால் 127.0.0.1. புள்ளியே இல்லாமல் 3232235777 என்று கொடுத்தாலும் சரி. எந்த ஆவணமும் விதிக்காத ஓர் எழுத்துமுறை, ஒரு ஃபங்ஷனின் நடத்தையாலேயே வழக்கமாகிவிட்டது.

சி மொழி என்ற அந்த வீட்டில் வேறு இடறல்களும் இருந்தன. முகவரி தவறாக இருந்தால் அந்த ஃபங்ஷன் எல்லா பிட்டும் ஒன்றாக இருக்கும் எண்ணைத் திருப்பித் தரும். ஆனால் 255.255.255.255 என்ற முறையான ஒலிபரப்பு முகவரியின் உருவமும் அதுதான். பிழை வந்ததா, முகவரி வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. எண்ணைத் திரும்ப எழுத்தாக்கும் ஃபங்ஷனோ, விடையை எப்போதும் மெமரியின் ஒரே இடத்தில் எழுதிவைத்தது. ஒரே சிலேட்டில் முதல் கணக்கை அழித்துவிட்டு அடுத்ததை எழுதுவது போல. யார் அனுப்பினார், யாருக்கு அனுப்பினார் என்று இரண்டு முகவரிகளையும் ஒரே வரியில் அச்சிட்டால், இரண்டு இடத்திலும் ஒரே முகவரி வந்து நிற்கும். பைட்டுகளின் வரிசையும் தொல்லை தந்தது. வலையில் பெரிய பைட் முதலில் வரும், இன்டெல் சிப்பில் சிறிய பைட் முதலில் வரும். மாற்றித்தரும் ஃபங்ஷனை அழைக்க மறந்தால் 192.168.1.1 என்பது 1.1.168.192 ஆகிவிடும்.

1990-களில் முகவரி இரண்டு வகையில் வளர்ந்தது. 1993-இல் வந்த சி.ஐ.டி.ஆர். முறையால் அதற்குப் பின்னால் ஒரு சாய்கோடும் எண்ணும் ஒட்டிக்கொண்டன. 192.168.1.0/24 என்றால் முதல் 24 பிட் வலையைக் குறிக்கும், மிச்சம் 8 பிட் அதிலுள்ள கணினியைக் குறிக்கும். கணினியின் முகவரி ஒன்று, வலை இன்னொன்று என்ற வேறுபாட்டை மொழிகள் இனி காட்டியாக வேண்டியிருந்தது. இரண்டாவது வளர்ச்சி இன்னும் பெரியது. 1995 டிசம்பரில் ஐ.பி. ஆறாம் பதிப்பின் முதல் வரையறை வெளியானது. முகவரி 128 பிட் ஆனது.

அத்தோடு எழுத்துச் சிக்கலும் பெருகியது. 2001:0:0:0:0:0:0:1 என்றும் எழுதலாம், 2001::1 என்றும் எழுதலாம், 2001::0:1 என்றும் எழுதலாம். மூன்றும் ஒரே முகவரி. லாக் கோப்பில் ஒருவகையாகவும் தரவுதளத்தில் இன்னொரு வகையாகவும் இருந்தால், எழுத்தை வைத்துத் தேடுகிறவருக்கு அது அகப்படாது. ஒரே ஒரு வடிவத்தில் எழுதுங்கள் என்று ஆர்.எஃப்.சி. 5952 பரிந்துரைத்தது 2010 ஆகஸ்டில்தான். பழைய முகவரியைப் புதியதற்குள் பொதியும் ஏற்பாடும் வந்தது: முதல் 80 பிட் சுழியம், அடுத்த 16 பிட் ஒன்று, கடைசி 32 பிட்டில் நான்காம் பதிப்பு முகவரி. அப்படிப் பொதிந்த முகவரி பழைய முகவரிதானா, புதியதா? இந்தக் கேள்வி பின்னால் பலரைப் படுத்தியது.

முகவரி வேறு, வலை வேறு என்ற வேறுபாட்டைப் பைத்தான் எதிர்கொண்ட விதம் நல்ல பாடம். 2009-இல், 3.1 பதிப்போடு ஓர் ஐ.பி. நூலகத்தைச் சேர்க்க முடிவாகி, சோதனை வெளியீட்டில் அது இடம்பெறவும் செய்தது. முகவரியையும் வலையையும் அது ஒன்றாகக் குழப்புகிறது என்று எதிர்ப்பு எழுந்ததால், இறுதி வெளியீட்டுக்கு முன்பே நீக்கப்பட்டது. பீட்டர் மூடி என்ற நிரலாளர் புதிய முன்மொழிவை எழுதினார். 2012 செப்டம்பரில் பைத்தான் 3.3-இல் மறுவடிவம் வந்தது. முகவரிக்கு ஒரு டைப், வலைக்கு ஒரு டைப், வலைக்குள் அமர்ந்திருக்கும் முகவரிக்கு மூன்றாவது டைப். 192.168.1.5/24 என்பதை வலையாக உருவாக்க முயன்றால் பைத்தான் மறுத்துவிடும். வலை என்றால் கடைசி 8 பிட் சுழியமாக இருக்க வேண்டும். மறுக்கத் தெரிந்த டைப் இருந்தால், நிரலாளர் மனதில் இருக்கும் குழப்பம் நிரல் ஓடும் முதல் நாளே வெளியே வந்துவிடும்.

அடுத்து கோ மொழி. கூகுளில் ராபர்ட் கிரீசெமர், ராப் பைக், கென் தாம்சன் மூவரும் உருவாக்கி 2009 நவம்பரில் வெளியிட்ட மொழி இது. வலை சார்ந்த நிரல்களுக்கே பெரிதும் பயன்படுகிறது. அதில் முகவரி ஒரு பைட் ஸ்லைஸாகக் குடியேறியது. ஸ்லைஸ் என்பது பைட்டுகள் மெமரியில் எங்கே இருக்கின்றன, எத்தனை என்று சொல்லும் குறிப்பு. 64 பிட் கணினியில் அந்தக் குறிப்புக்கே 24 பைட். அது காட்டும் இடத்தில் இன்னும் 4 அல்லது 16 பைட்.

இந்த உருவத்தின் விளைவு இதுதான். ஒரு /24 வலையில் கணினிகளுக்குக் கொடுக்கக்கூடிய எல்லா முகவரிகளையும் பட்டியலிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். லூப் போட்டு கடைசி பைட்டை ஒன்று ஒன்றாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் பட்டியலில் சேர்க்கிறோம். முடிவில் 254 முகவரிகள் இருக்கின்றன, 254-உம் ஒன்றே! பட்டியலில் சேர்ந்தவை முகவரிகள் அல்ல, ஒரே பைட்டுகளைக் காட்டும் குறிப்புகள். இரண்டு முகவரிகள் சமமா என்று == போட்டுப் பார்க்கவும் முடியாது, ஏனெனில் கோ ஸ்லைஸ்களை அப்படி ஒப்பிடாது. மேப்பில் சாவியாக வைக்கவும் முடியாது. அதற்காகப் பலர் முகவரியை எழுத்தாக மாற்றிச் சாவியாக்கினார்கள். 192.168.1.1-ஐப் படிக்கச் சொன்னால் பெரும்பாலும் 16 பைட் திரும்பி வரும். ஆகவே நீளத்தை வைத்துப் பதிப்பைச் சொல்ல முடியாது. பழைய முகவரிக்கும் புதியதற்குள் பொதிந்த பழைய முகவரிக்கும் வேறுபாடு அழிந்துபோகும்.

வலை நிரல் எழுதுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரிந்தே இருந்தது. மாற்றத்துக்கு வித்திட்டது டெயில்ஸ்கேல் என்ற நிறுவனம். வயர்கார்டு என்ற வி.பி.என். நெறிமுறையை அடிப்படையாகக் கொண்ட அவர்களது மென்பொருள், வந்துபோகும் ஒவ்வொரு பேக்கெட்டின் முகவரியையும் பார்க்கிறது. ஒவ்வொரு முறையும் மெமரியில் புதிதாக இடம் கேட்டால் வேகமும் போகும். கைபேசி போன்ற சிறிய கருவிகளில் மெமரியும் போதாது. மெம்கேஷ் என்ற மென்பொருளை உருவாக்கியவரும் கோ குழுவில் பல ஆண்டுகள் இருந்தவருமான பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் அங்கே இருந்தார். அவரும் சக நிரலாளர்களும் 2020-இல் புதிய டைப் ஒன்றைச் செதுக்கத் தொடங்கினார்கள்.

அவர்கள் கண்ட தீர்வு அழகானது. இரண்டு 64 பிட் எண்கள். அவற்றில் 128 பிட் முகவரி அடங்கும். அவற்றோடு ஒரு பாயிண்டர், 8 பைட். மொத்தம் 24 பைட், பழைய ஸ்லைஸின் வெறும் குறிப்பு எடுத்துக்கொண்ட அதே அளவு. அந்த ஒற்றைப் பாயிண்டர் பல வேலை செய்கிறது. வெறுமையாக இருந்தால் முகவரியே இல்லை என்று பொருள். குறிப்பிட்ட ஓரிடத்தைக் காட்டினால் நான்காம் பதிப்பு, இன்னோரிடத்தைக் காட்டினால் ஆறாம் பதிப்பு. ஆறாம் பதிப்பில் ஒரே இணைப்புக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரிகள் உண்டு. எந்த இணைப்பு வழியாக என்ற பெயரும் அவற்றோடு சேர்ந்து வர வேண்டும். அந்தப் பெயரையும் இதே பாயிண்டர் காட்டும். ஒரே பெயருக்கு மெமரி முழுவதும் ஒரே ஒரு பிரதி என்று உறுதி செய்துவிட்டதால், பெயர்களை ஒப்பிட எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டாம். பாயிண்டர்களை ஒப்பிட்டால் போதும்.

இனி == போடலாம், மேப்பில் சாவியாக வைக்கலாம். லூப்பில் சேர்த்த 254 முகவரிகளும் 254 வேறு முகவரிகளாகவே இருக்கும். பொதிந்த முகவரி வேறு, பழைய முகவரி வேறு. ஒன்றாக்க வேண்டுமென்றால் நிரலாளர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 2022 மார்ச்சில் கோ 1.18 இந்த டைப்பை நெட்ஐபி என்ற தொகுப்பாக மொழியின் நிலையான நூலகத்தில் சேர்த்தது. பழைய நிரல்களை முறிக்க மாட்டோம் என்று 2012-இல் கோ கொடுத்த வாக்கு இருப்பதால் பழைய ஸ்லைஸும் பக்கத்திலேயே இருக்கிறது.

இதற்கிடையே 2021-இல் பெர்க்லியின் பழைய கணக்கு தீர்க்கப்பட்டது. சுழியத்தில் தொடங்கும் பகுதிகளைச் சில மொழிகள் பதின்ம எண்ணாகப் படித்துவந்தன. பைத்தானில் முன்பிருந்த ஒரு தடை 3.8 பதிப்பில் தளர்த்தப்பட்டிருந்தது. ஒரு வடிகட்டி 0177.0.0.1-ஐப் பார்த்து, இது 177.0.0.1, வெளியுலக முகவரிதான் என்று அனுமதிக்கும். பிறகு இணைப்பு ஏற்படுத்தும் சி நூலகம் அதே எழுத்தை 127.0.0.1 என்று படித்து, சர்வரைத் தன்னோடு தானே பேச வைக்கும். வெளியார் எட்டக்கூடாத உள்சேவை இப்படித் திறந்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் உலகின் நெட்மாஸ்க் நூலகத்தில் தொடங்கி, பைத்தான், ரஸ்ட், கோ என்று வரிசையாக இது பாதுகாப்புக் குறையாகப் பதிவானது. பைத்தான் 3.9.5, ரஸ்ட் 1.53, கோ 1.17 மூன்றும் ஒரே முடிவுக்கு வந்தன: முன்சுழியம் இருந்தால் அது முகவரியே அல்ல, மறுத்துவிடு. இருவேறாகப் படிக்க இடமுள்ள எழுத்தை ஊகித்து ஏற்காமல் திருப்பி அனுப்புவதே நேர்மையான வழி.

நம் அன்றாட நிரல்களில் ஐ.பி. முகவரி இன்னும் பெரும்பாலும் ஸ்ட்ரிங்காகவே வாழ்கிறது. தரவுதளத்தில் 15 எழுத்து அகலத்தில் ஒரு பத்தி ஒதுக்குகிறோம். ஆறாம் பதிப்பு முகவரிக்கு 39 எழுத்து வரை வேண்டும். அகரவரிசைப்படி அடுக்கினால் 10.0.0.10 முன்னாலும் 10.0.0.9 பின்னாலும் வரும். போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுதளங்களில் முகவரிக்கென்றே டைப் இருந்தும் பலர் பயன்படுத்துவதில்லை. செய்ய வேண்டியது எளிது. முகவரி நிரலுக்குள் நுழையும் வாசலிலேயே ஒருமுறை படித்து டைப்பாக மாற்ற வேண்டும், தவறானதை அங்கேயே மறுக்க வேண்டும். உள்ளே ஒப்பிடுவதும் தேடுவதும் வலையில் சேர்ந்ததா என்று பார்ப்பதும் அந்த டைப்பை வைத்தே நடக்க வேண்டும். முக்கியமாக, எதைச் சோதித்தோமோ அந்த மதிப்பையே இணைப்புக்கும் கொடுக்க வேண்டும். வெளியே காட்டும்போது மட்டும் மறுபடி எழுத்தாக்கினால் போதும். மொழிகள் நாற்பது ஆண்டு தட்டுத்தடுமாறிக் கண்டடைந்த இந்த ஒழுங்கு இன்று பல மொழிகளின் நிலையான நூலகங்களில் செலவில்லாமல் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுவதற்கு நமக்கு இனி ஒரு காரணமும் இல்லை.