தடை நீங்கிய தெரு

1988இல் பிரேசிலின் சாவோ பாவ்லோ நகர மேயராக இருந்த ஜானியோ குவாட்ரோஸ் ஸ்கேட்போர்டுக்குத் தடை விதித்தார். முதலில் இபிராபுவேரா பூங்காவில் மட்டும், பிறகு நகரம் முழுவதும். இளைஞர்கள் பலகைகளைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போய்ப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. 1989 ஜனவரியில் புதிய மேயர் பொறுப்பேற்றார். லூயிசா எருண்டினா. வறண்ட வடகிழக்கு மாநிலமான பராய்பாவில் பிறந்தவர், சாவோ பாவ்லோவின் குடிசைப் பகுதிகளில் சமூகப் பணியாளராக வேலை பார்த்தவர், திருமணம் செய்துகொள்ளாதவர், அந்நகரத்தின் முதல் பெண் மேயர். வந்ததும் அவர் அந்தத் தடையை நீக்கினார்.

பையன்களுக்குத் தெருவைத் திருப்பிக் கொடுத்தவர் ஒரு பெண். அதே தெரு பெண்களுக்கு எப்போது கிடைத்தது?

தடை நீங்கி நான்கு ஆண்டுகள் கழித்து, 1993இல், அதே நகரத்தில் லெட்டீசியா புஃபோனி பிறந்தார். தெருப் பையன்களோடு சேர்ந்து சிறுவயதிலேயே ஸ்கேட் செய்யக் கற்றுக்கொண்டார். மகள் பையன்களோடு தெருவில் திரிவது அவருடைய அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் அவளுடைய பலகையை ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் போட்டார். பின்னாளில் அதே அப்பா மனம் மாறி மகளைப் போட்டிக்கு அழைத்துச் சென்றார்; லெட்டீசியா உலகின் முதல் வரிசைத் தெரு ஸ்கேட்டர்களில் ஒருவரானார். முடிவு நல்லதுதான். ஆனாலும் அந்த ரம்பத்தைக் கடந்துபோக முடியாது. மேயரின் தடையை ஒரு கையெழுத்து நீக்கிவிட்டது. வீட்டின் தடையை நீக்க எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது?

சக்கரங்களின் சிறு வரலாறு

இந்த விளையாட்டின் தொடக்கத்தில் பெண்கள் இல்லாமல் இல்லை. 1964இல் அமெரிக்காவின் முதல் தேசியப் பெண் சாம்பியனானவர் பேட்டி மெக்கீ. 1965 மே மாதம் ‘லைஃப்’ இதழின் அட்டையில், ஓடும் பலகையின் மேல் தலைகீழாகக் கைகளால் நின்றபடி அவர் இருந்தார். ஒரு பலகை நிறுவனம் சம்பளம் கொடுத்து அவரை ஊர் ஊராக அனுப்பியது. கடை வாசல்களில் வித்தை காட்டுவது வேலை. ஸ்கேட்போர்டோடு ஊர் சுற்றிச் சம்பாதித்த முதல் ஆட்களில் ஒருவர் ஒரு பெண். 1975இல் கலிஃபோர்னியாவின் டெல் மார் போட்டியில், பின்னாளில் புகழ்பெற்ற ஸெஃபிர் குழுவில் இருந்த ஒரே பெண்ணான பெகி ஓகி, பெண்கள் பிரிவில் முதலிடம் பெற்றார்.

பிறகு என்ன ஆயிற்று? 1970களின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்கேட் பூங்காக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. விழுந்து அடிபட்டவர்கள் வழக்குப் போட, காப்பீட்டுச் செலவைத் தாங்க முடியவில்லை. விளையாட்டு தெருவுக்கு வந்தது. கையால் பிடிக்காமல் பலகையோடு எகிறும் ‘ஆலி’ என்ற உத்தி சமதளத்துக்கும் வந்தபிறகு, படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, நடைபாதை விளிம்பு, அலுவலக வளாகத்துத் திண்ணை எல்லாமே ஆடுகளமாயின. கட்டணம் இல்லை, பயிற்சியாளர் இல்லை, சீருடை இல்லை. விளையாட்டு ஜனநாயகமானது என்று இதைச் சொல்வார்கள். ஆனால் பூங்காவுக்கு நுழைவுச்சீட்டு வாங்கினால் ஒரு பெண் உள்ளே போய்விடலாம். தெருவுக்கு நுழைவுச்சீட்டு கிடையாது என்பதால், நீ ஏன் இங்கே நிற்கிறாய் என்று கேட்பவர்களிடம் காட்டவும் அவளிடம் எதுவும் கிடையாது.

விளைவை ஓர் இதழின் அட்டையிலேயே எண்ணிப் பார்க்கலாம். ஸ்கேட்டர்களின் வேதம் போன்ற ‘த்ராஷர்’ இதழின் அட்டையில் 1989இல் காரா-பெத் பர்ன்சைட் வந்தார். 1994இல் ஹவாய்ப் பெண் ஜேமி ரெயஸ். மூன்றாவது பெண் லிஸ்ஸி அர்மான்டோ வந்தது 2017இல். இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் இடையே 23 ஆண்டுகள். பெண்கள் ஆடாமல் இருந்த ஆண்டுகள் அல்ல இவை. ஃப்ளோரிடாவிலிருந்து வந்த எலிஸா ஸ்டீமர் 1998இல் தொழில்முறை ஸ்கேட்டராகி, அடுத்த ஆண்டு வெளிவந்த டோனி ஹாக் வீடியோ விளையாட்டில் ஒரே பெண் ஸ்கேட்டராக இடம்பெற்றது இந்த இடைவெளியில்தான்.

வெயிலும் இரவும்

வெப்பமண்டல நகரங்களில் இந்தக் கதைக்கு இன்னொரு முடிச்சு உண்டு. அதைப் புரிந்துகொள்ள ஒரு ஸ்கேட்டரின் நாளைப் பார்க்க வேண்டும்.

நண்பகலில் தார் இளகும். சிமென்ட் தரையில் விழுந்து உள்ளங்கையை ஊன்றினால் சிராய்ப்போடு சூடும் சேர்ந்துகொள்ளும். ஷூவுக்குள் வியர்வை ஊறிக் கால் வழுக்கும். மழைக்காலத்தில் பேரிங் துருப்பிடிக்கும், ஒட்டுமரப் பலகை நீரில் ஊறி உப்பும். ஆகவே அதிகாலை, அல்லது பொழுது சாய்ந்த பிறகுதான் ஆட முடியும். அதிலும் அலுவலகங்கள் மூடி, வாகனங்கள் குறைந்து, கடைகளின் ஷட்டர் இறங்கிய பிறகே படிக்கட்டும் திண்ணையும் காலியாகும். அதாவது வெயில் ஊர்களில் தெரு ஸ்கேட்டிங் என்பது இரவு விளையாட்டு.

இரவு எட்டு மணிக்கு மேல் தெருவில் இருக்க யாருக்கு உரிமை? வெயில் எல்லார் மேலும் ஒரேபோல்தான் அடிக்கிறது. ஆனால் அது தள்ளிவிடும் நேரம் பையனுக்கு விளையாட்டு நேரம், பெண்ணுக்கு வீடடங்கும் நேரம். மீதமிருப்பது அதிகாலை, அந்த நேரத்தில் தண்ணீர் பிடிக்கவும் அடுப்பு மூட்டவும் வீட்டில் தேடப்படுவது யார் என்று நமக்குத் தெரியும்.

இந்தச் சிக்கலை ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை வைத்து 2011இல் ஒரு நூலாக எழுதினார்கள். ‘ஒய் லாய்ட்டர்’ என்பது அதன் பெயர். ஏன் வெறுமனே சுற்றக்கூடாது என்று தமிழில் சொல்லலாம். வேலைக்குப் போகிறேன், படிக்கப் போகிறேன், பிள்ளையை அழைக்கப் போகிறேன் என்று ஒரு காரணத்தைக் கையில் வைத்திருந்தால்தான் பெண்ணைத் தெரு ஏற்றுக்கொள்கிறது, காரணமில்லாமல் நிற்கும் உரிமையே முழுக் குடியுரிமை என்பது அவர்களுடைய வாதம். தெரு ஸ்கேட்டிங்கைவிடக் காரணமில்லாத செயல் உண்டா? ஒரே படிக்கட்டில் ஐம்பது முறை குதித்து, நாற்பத்தொன்பது முறை விழுவது. எல்லார் கண்முன்னும் விழுவது. கீழே விழுந்தால் பதறி எழுந்து ஆடையைச் சரிசெய்யப் பழக்கப்பட்ட உடலுக்கு, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரிக்கக் கற்றுக்கொள்வதே முதல் பாடம்.

பிலிப்பைன்ஸின் செபூ நகரத்தில் மார்ஜிலின் டிடால் அந்தப் பாடத்தைத் தெருவில்தான் கற்றார். அப்பா தச்சர், அம்மா தெருவில் தின்பண்டம் விற்பவர். ஆட இடமில்லாமல் கட்டிட முகப்புகளில் ஆடியபோது காவலாளிகள் துரத்திய கதைகளை அவர் பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொல்வார். 2018இல் ஜகார்த்தா-பாலெம்பாங் ஆசிய விளையாட்டுப் போட்டியில், 19 வயதில், பெண்கள் தெருப் பிரிவில் தங்கம் வென்றார். தெருவிலேயே பிழைப்பு நடத்திய அம்மாவின் மகளுக்குத் தெரு அந்நிய இடமாக இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. உழைக்கும் பெண்கள் என்றைக்கும் தெருவில்தான் இருக்கிறார்கள். அங்கே அவர்கள் விளையாடுவதுதான் புதிது.

கையில் காசில்லாப் பயணம்

தெரு ஸ்கேட்டர்கள் ஊர் சுற்றுகிறவர்கள். புதிய ஊர் என்றால் புதிய படிக்கட்டுகள், புதிய கம்பிகள். அவர்களுடைய பயணத்துக்குக் காசு அதிகம் தேவைப்படுவதில்லை. வண்டியில் நெருக்கியடித்துப் போவார்கள். அந்த ஊர் ஸ்கேட்டர் ஒருவரின் வீட்டில் தரையில் படுப்பார்கள். ரோட்டோரக் கடையில் சாப்பிடுவார்கள். நள்ளிரவு வரை ஆடுவார்கள். முன்பின் தெரியாதவனுக்கும் பலகையைப் பார்த்ததும் இடம் கொடுக்கும் இந்த உபசாரம் அழகானது. பயணப் படங்களும் இதழ்க் கட்டுரைகளும் அதை நாற்பது ஆண்டுகளாகக் கொண்டாடி வருகின்றன.

இந்தச் சிக்கனக் கணக்கை ஒரு பெண்ணின் பக்கத்திலிருந்து போட்டுப் பாருங்கள். தெரியாத ஊரில், தெரியாத ஆண்கள் ஆறு பேர் படுத்திருக்கும் அறையில் தரை இலவசம். அதைத் தவிர்த்துத் தாழ்ப்பாள் உள்ள அறை எடுத்தால் வாடகை. இரவு ஒரு மணிக்கு நடந்து திரும்புவது இலவசம். ஆட்டோ பிடித்தால் காசு. ஆணுக்குச் செலவே இல்லாத ஒவ்வோர் இடத்திலும் பெண் பாதுகாப்பை விலை கொடுத்து வாங்குகிறாள். பணம் உள்ள பெண் அதைக் கட்டிவிட்டுப் போகலாம். இல்லாதவள் ஊரிலேயே இருந்துவிடுகிறாள், அவளுக்கு ஆர்வமில்லை என்று வரலாறு எழுதிக்கொள்கிறது.

இதற்குப் பெண்கள் கண்ட வழி, தங்களுக்கான தரையைத் தாங்களே உண்டாக்குவது. பெங்களூரின் அதிதா வர்கீஸ் 2015இல் ‘கேர்ள் ஸ்கேட் இந்தியா’வைத் தொடங்கினார். பல நாட்டுப் பெண் ஸ்கேட்டர்கள் அவரோடு சேர்ந்து இந்திய ஊர்களில் பயணம் செய்தார்கள். போன இடங்களில் சிறுமிகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கூட்டமாகப் போனால் அறை வாடகை பங்காகும். இரவுத் தெருவில் பத்துப் பெண்கள் நின்றால் அந்தத் தெருவின் முகமே மாறும். அதே ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் ஜன்வார் கிராமத்தில் உல்ரிக் ரைன்ஹார்ட் என்ற ஜெர்மானியப் பெண் அமைத்த ஸ்கேட் பூங்காவின் விதிகளில் ஒன்று, பெண் பிள்ளைகளுக்கே முதலிடம் என்பது. அங்கே ஆடக் கற்ற ஆஷா கோண்ட் 2018இல் சீனாவில் நடந்த உலகப் போட்டிவரை போனார்.

பரிசுப் பணத்துக்கும் இதேபோலக் கூட்டாகத்தான் போராட வேண்டியிருந்தது. 2005இல் எக்ஸ் கேம்ஸ் போட்டியின் ஒரே வகைப் பந்தயத்தில் வென்ற ஆணுக்கு 50,000 டாலர், வென்ற பெண்ணுக்கு 2,000 டாலர். காரா-பெத் பர்ன்சைட், மிமி நூப் போன்றவர்கள் சங்கம் அமைத்து, புறக்கணிப்போம் என்று எச்சரித்துப் பேரம் பேசினார்கள். அடுத்த சில ஆண்டுகளுக்குள் பரிசு சமமானது.

மூன்று வாரங்கள்

பிரேசிலின் வடகிழக்கில், மரன்யாவ் மாநிலத்தில் இருக்கும் இம்பெராட்ரிஸ், ஆண்டு முழுவதும் பகல் வெயில் 30 டிகிரியைத் தாண்டும் ஆற்றங்கரை நகரம். 2015இல் அங்கே ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி நீலத் தேவதை உடையும் சிறகுமாகத் தெருப் படிக்கட்டில் பலகையோடு குதித்தாள். இரண்டு முறை விழுந்தாள். மூன்றாவது முறை நின்றாள். அந்தக் காணொளியை டோனி ஹாக் பகிர, உலகமே பார்த்தது. ரெய்ஸா லீல் 2021 ஜூலை 26 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் 13 வயதில் வெள்ளி வென்றார். அன்று மேடையில் நின்ற மூன்று சிறுமிகளின் வயது 13, 13, 16.

நம் மாமல்லபுரத்திலும் ஒரு சிறுமி உண்டு. மீனவக் குப்பத்துக் கமலி வெறுங்காலோடு, கவுன் அணிந்து சறுக்கும் படத்தையும் டோனி ஹாக் பகிர்ந்திருந்தார். அவளையும் தனியாக நின்று அவளை வளர்க்கும் அம்மாவையும் பற்றிய ‘கமலி’ என்ற குறும்படம் 2020இல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அந்த ஆண்டு அதே பிரிவில் வென்ற படமும் ஸ்கேட்போர்டு கற்கும் சிறுமிகளைப் பற்றியதுதான். அவர்கள் காபூல் சிறுமிகள். வீதியில் சைக்கிள்கூட ஓட்ட விடாத ஊரில், 2007 முதல் ‘ஸ்கேடிஸ்தான்’ என்ற அமைப்பு சுவர்களுக்குள் அவர்களுக்குப் பாடமும் பலகையும் கொடுத்துவந்தது.

டோக்கியோவில் ரெய்ஸா பதக்கம் வாங்கி மூன்று வாரங்கள் முடிவதற்குள், 2021 ஆகஸ்ட் 15 அன்று, காபூல் தாலிபான் கையில் விழுந்தது. ஸ்கேடிஸ்தான் பணியை நிறுத்த வேண்டியதாயிற்று.

மேயர்களும் அரசுகளும் விதிக்கும் தடைகளுக்குத் தேதி உண்டு. அவற்றை வரலாற்றில் எழுதிவைக்கிறோம். ‘இருட்டிவிட்டது, உள்ளே வா’ என்பதற்குத் தேதி இல்லை. அதை எந்த ஆவணக் காப்பகத்திலும் தேட முடியாது. ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுத்தான் எழுத வேண்டும். அந்த வரலாற்றை எழுதத் தொடங்கும் மாணவிகள் தங்கள் தெருவிலிருந்தே தொடங்கலாம்: மாலை ஏழு மணிக்கு, வெயில் தணிந்த பிறகு, அங்கே விளையாடிக்கொண்டிருப்பது யார் யார் என்று எண்ணி.