ஜாடோபெக் தோற்ற சனிக்கிழமை

போன வருஷம் ஒரு வீராவேசத்தில் சனிக்கிழமை 10 கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை 21 கிலோமீட்டர்னு ரெண்டு ரேஸுக்கும் பேர் கொடுத்துத் தொலைத்தேன். சனிக்கிழமை கடைசி 300 மீட்டரில் சிவப்பு பனியன் போட்ட ஒருத்தர் என்னைத் தாண்டினார். விட்டிருக்கலாம். நாங்க ரெண்டு பேரும் ஓடிக்கொண்டிருந்தது முன்னூத்திச் சொச்சமாவது இடத்துக்கு. ஆனா மனசு கேக்கல. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடி, அரை அடி வித்தியாசத்தில் அவரை ஜெயித்தேன். மறுநாள் 14-ஆவது கிலோமீட்டரில் தொடை கல்லாகிவிட்டது. மீதியை நடந்தே முடித்தேன். திங்கட்கிழமை ஆபீஸ் மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கியதைப் பார்த்துச் சிரிக்காதவர் பாக்கியில்லை :-)

ஒரே ஆறுதல், இதே தப்பை எமில் ஜாடோபெக்கே செய்திருக்கிறார் என்பதுதான். அதுவும் ஒலிம்பிக்கில்.

அந்தக் கதைக்கு முன்னால் ஃபின்லாந்துக்காரர் பாவோ நூர்மியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். அடுத்தடுத்த நாள் ஓடுவதில் அவர்தான் பெரியப்பா. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜூலை 8-லிருந்து 13 வரை ஆறே நாளில் ஏழு ஓட்டம், ஐந்து தங்கம். ஜூலை 10 அன்று 1500 மீட்டர் ஃபைனலும் 5000 மீட்டர் ஃபைனலும் ஒரு மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து வந்தன. ரெண்டிலும் தங்கம். அதற்கான ஒத்திகையை மூணு வாரம் முன்னாடியே ஜூன் 19 அன்று ஹெல்சிங்கியில் பார்த்துவிட்டார். அதே ரெண்டு ஓட்டம், நடுவில் ஒரு மணி நேர இடைவெளி, ரெண்டிலும் உலக சாதனை!

ஆனால் எனக்குப் பிடித்த விஷயம் வேற. மனுஷன் கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு ஓடுவார். பக்கத்தில் ஓடுகிறவரைப் பார்க்க மாட்டார், கடிகாரத்தைத்தான் பார்ப்பார். பாரிஸில் 1500 மீட்டரின் கடைசியில், ஜெயிப்பது உறுதின்னு தெரிந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். அடுத்த ஓட்டத்துக்கு மிச்சம் வேணுமே. ஜூலை 12 அன்று கொளுத்துகிற வெயிலில் கிராஸ் கன்ட்ரி ஓட்டம். கிளம்பிய 38 பேரில் 15 பேர்தான் கோட்டைத் தொட்டார்கள், வழியெல்லாம் ஆட்கள் சுருண்டு விழுந்தார்கள். நூர்மி அதையும் ஜெயித்துவிட்டு, மறுநாள் 3000 மீட்டர் அணி ஓட்டத்திலும் முதல் ஆளாக வந்தார்.

இப்போ ஜாடோபெக். செக்கோஸ்லோவாகியா ராணுவ வீரர். 1948 லண்டன் ஒலிம்பிக், ஜூலை 30, வெள்ளிக்கிழமை. 10,000 மீட்டரில் 29 நிமிடம் 59.6 விநாடியில் தங்கம். ரெண்டாவது வந்த பிரான்ஸின் அலேன் மிமூன் முக்கால் நிமிஷத்துக்கும் மேல் பின்னாடி. மறுநாள் சனிக்கிழமை 5000 மீட்டர் ஹீட்ஸ். ஃபைனலுக்குப் போனால் போதும், முதலில் வந்துதான் ஆகணும்னு கட்டாயம் இல்லை. ஆனால் ஸ்வீடனின் எரிக் ஆல்டன் முன்னாடி போவதைப் பார்த்ததும் நம்மாளுக்குப் பொறுக்கல. கடைசி லேப்பில் ரெண்டு பேரும் உலகமே அதில்தான் இருக்கிற மாதிரி முட்டிக்கொண்டு ஓடினார்கள். ஆல்டன்தான் முதலில் வந்தார். பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லாத ஓட்டம்.

ஞாயிறு ஓய்வு. ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை, மழையில் ஊறிய தடத்தில் ஃபைனல். பெல்ஜியத்தின் காஸ்டன் ரைஃப் கழட்டிக்கொண்டு முன்னாடி போய்விட்டார். ஜாடோபெக் வெகு தூரம் பின்தங்கி, கடைசி லேப்பில் பேய் பிடித்த மாதிரி துரத்தி... 0.2 விநாடியில் தங்கத்தை விட்டார். ஆல்டனுக்கு நாலாவது இடம். சனிக்கிழமை முட்டிக்கொண்ட ரெண்டு பேருக்குமே திங்கட்கிழமை தங்கம் இல்லை. ஒரே காரணம் அதுதான்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா 0.2 விநாடி என்பது அந்த வெட்டி ஓட்டத்தில் சிந்திய வேர்வையை விடக் கம்மிதான்.

பயிற்சியில் குறையா? இல்லவே இல்லை. 200 மீட்டர் அஞ்சு, 400 மீட்டர் இருபது, மறுபடி 200 மீட்டர் அஞ்சு, நடுவில் மெதுவோட்டம். இதை நாள் தவறாமல் செய்தவர். நேற்றைய அசதி காலில் இருக்கும்போதே இன்றைக்கும் ஓடணும். யோசித்தால், அவர் தினமும் பழகியதே ‘ரெண்டாவது நாள்’ ஓட்டத்தைத்தான். அப்படிப்பட்டவருக்கே ஒரு லேப் வீம்பு கணக்கைக் கெடுத்துவிட்டது.

ஒரு ராத்திரியில் உடம்பில் என்னதான் நடக்கிறது? 1966-ல் ஸ்வீடனின் பெர்க்ஸ்ட்ராம், ஹுல்ட்மன் என்ற ரெண்டு விஞ்ஞானிகள் தங்கள் காலிலேயே சோதனை செய்தார்கள். ஒரே சைக்கிளுக்கு ரெண்டு பக்கமும் உட்கார்ந்து, ஆளுக்கொரு காலால் மட்டும் ஓய்ந்துபோகும்வரை மிதித்தார்கள். பிறகு மூணு நாள் மாவுச்சத்து சாப்பாடு. தொடையிலிருந்து ஊசியால் துளி தசை எடுத்துப் பார்த்தால், உழைத்த காலில் கிளைக்கோஜன், அதாவது தசை சேமித்து வைக்கும் சர்க்கரை, சும்மா இருந்த காலைவிட ரெண்டு மடங்கு ஏறியிருந்தது. காலியான தசைதான் ஆவலாக வாங்கிக்கொள்கிறது. அதனால் சனிக்கிழமை ரேஸ் முடிந்ததும் சோறோ இட்லியோ சீக்கிரம் சாப்பிடுவது நியாயமான காரியம். ஆனால் சோறு சர்க்கரையைத்தான் நிரப்பும், கிழிந்த தசை நாரைத் தைக்காது. அந்த வலி ஒண்ணு ரெண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். என் நண்டு நடைக்கு விளக்கம் அதுதான்.

1952 ஹெல்சிங்கிக்கு வந்தது பாடம் படித்த ஜாடோபெக். ஜூலை 20 அன்று 10,000 மீட்டர் தங்கம். 22-ல் 5000 மீட்டர் ஹீட்ஸ். இந்தத் தடவை கூட ஓடுகிறவர்களோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓடி, முதலிடத்தை அடுத்தவருக்கு விட்டுவிட்டு மூணாவதாக நுழைந்தார். 24-ல் ஃபைனல், கடைசி வளைவில் மூணு பேரைத் தாண்டித் தங்கம். 27-ல், வாழ்க்கையில் அதுவரை ஓடியே பார்க்காத மாரத்தான், 2 மணி 23 நிமிடம் 3.2 விநாடி, அதுவும் தங்கம்! ஒரே ஒலிம்பிக்கில் இந்த மூன்றையும் வேறு யாரும் இதுவரை ஜெயிக்கவில்லை.

முயன்றவர் உண்டு. 1976 மாண்ட்ரியலில் லாஸ்ஸே விரேன், நூர்மியின் நாட்டுக்காரர், 10,000-ஐ ஜெயித்தார். ஜூலை 30 அன்று 5000-ஐயும் ஜெயித்தார். மறுநாளே மாரத்தான் கோட்டில் நின்றார். 2 மணி 13 நிமிடத்தில் ஐந்தாவது இடம். நடுவில் இருந்தது ஒரே ஒரு ராத்திரி. அந்த ஐந்தாவது இடத்தை நான் தோல்விக் கணக்கில் எழுத மாட்டேன்.

இந்த வருஷமும் ரெண்டு நாளுக்கும் பேர் கொடுத்திருக்கேன். சனிக்கிழமை கடைசி 300 மீட்டரில் சிவப்பு பனியன்காரர் வந்தால், “போய்ட்டு வாங்க சார்” னு வழிவிடுவதாக உத்தேசம். பார்க்கலாம், அந்த நேரத்தில் மனசு கேட்குதான்னு.